புருவத்தால் சொன்ன ஆமாம்

கனடாவின் வடகோடிக் கடற்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் ஆமாம் என்று சொல்ல வாயே வேண்டாம். புருவத்தைத் தூக்கினால் போதும். மூக்கைச் சுருக்கினால் இல்லை. இது தெரியாத ஒரு மந்திரியால்தான் என் சித்தப்பா மகள் எஃபி அரசியலுக்கு வந்தாள்.

அப்போது அவள் ஊராட்சி அலுவலகத்தில் தபால் பிரித்துக்கொண்டிருந்தாள். வருடம் முழுக்க உறைந்தே கிடந்த மண் உருகிக் கரை இடிந்து, என் வீட்டுப் பின்சுவருக்கும் கடலுக்கும் நடுவே பதினோரு எட்டு நடக்கும் தூரம்தான் மிச்சம். எங்கள் பிரதேசத் தலைநகர் யெல்லோநைஃபிலிருந்து ஹார்லன் என்ற மந்திரி விமானத்தில் வந்து கூட்டம் போட்டார்.

"கரையோர வீடுகள உள்ள நகர்த்தலாமா?" என்று கேட்டார்.

வந்திருந்த எண்பது பேரும் புருவத்தைத் தூக்கினோம். மனிதர் எங்கள் வாயையே பார்த்தார். மறுபடி கேட்டார், மறுபடி தூக்கினோம். விஷயம் முடிந்தது என்று டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

இரண்டு மாதம் கழித்து எஃபியின் மேசைக்கு அறிக்கை வந்தது. 'மக்களுக்கு விருப்பம் இல்லை.' அடப்பாவி! ஆமாம் என்றுதானே சொன்னோம் என்று கடிதம் எழுதினோம். கூட்டக் குறிப்பில் அப்படி எதுவும் இல்லை என்று பதில் வந்தது.

"எண்பது பேரு சொன்னோமேடி!" என்று நான் குதித்தேன்.

"சொன்னோம்க்கா. ஆனா அது அங்க கேக்காது. நான் போயி வாயால சொல்றேன்."

சட்டமன்றத் தேர்தலில் நின்றாள். வீடு வீடாகப் போவாள், டீ குடிப்பாள், பிள்ளைகளை விசாரிப்பாள், திரும்பி வந்துவிடுவாள்.

"ஓட்டுக் கேட்டியா?"

"என்னையப் பத்தி நானே பெருமை பேசுறதா? அசிங்கம்க்கா."

ஒன்பது ஓட்டில் தோற்றாள். நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அதற்கடுத்த புயல்களில் கடல் ஐந்து எட்டைத் தின்றது. அடுத்த தேர்தலில் எஃபியை டீயோடு உட்கார வைத்துவிட்டு நானே பேசினேன். அவளைப் பற்றிப் பெருமையடிக்க எனக்கென்ன வெட்கம்? ஜெயித்தாள்.

எங்கள் சட்டமன்றத்தில் கட்சி கிடையாது. ஒவ்வொருவரையும் பேசித்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும். ஹார்லன் மறுபடியும் மந்திரி. எஃபி ஒவ்வொரு கூட்டத்திலும் வீடுகளைப் பற்றிக் கேட்பாள், அவர் "பரிசீலிக்கிறோம்" என்பார். பிறகு கேன்டீனில் அவருக்கே உலர்ந்த மீன் கொடுத்து உட்கார வைப்பாள்.

"அந்த ஆளுக்கா மீனு?" என்று போனில் கேட்டேன்.

"அவரு கெட்டவரு இல்லக்கா. அவருக்கு யாரும் சொல்லித் தரல, அவ்வளவுதான்."

மூன்றாம் வருடம் எனக்கு மூன்று எட்டு மிச்சம். பொறுக்காமல் நானும் விமானம் ஏறி, பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

எஃபி எழுந்தாள். "இந்தக் கோடையில வீடுகள நகர்த்துவீங்களா?"

ஹார்லன் எழுந்தார். வாய் திறக்கவில்லை. எஃபியை நேராகப் பார்த்து இரண்டு புருவத்தையும் தூக்கினார்.

"சபாநாயகர் அவர்களே, அமைச்சர் ஆமாம்னு சொல்லிட்டாரு!"

"குறிப்புல ஏறணும்னா வாயால சொல்லணும், அமைச்சரே," என்றார் சபாநாயகர்.

"ஆமாம்," என்றார் ஹார்லன் சிரித்துக்கொண்டே. "அன்னைக்கும் அவங்க ஆமாம்னுதான் சொன்னாங்க. எனக்குத்தான் தெரியல."

ஜூலையில் என் வீட்டைச் சறுக்குக் கட்டைகளில் ஏற்றி டிராக்டர் மேட்டுக்கு இழுத்தது. அலமாரியில் ஒரு கோப்பைகூட உடையவில்லை. வாசலிலிருந்து பார்த்தேன். கடல் எங்கோ கீழே, கையகலத்துக்குத் தெரிந்தது.

"அக்கா, இந்த இடம் போதுமா?" என்று எஃபி கீழிருந்து கத்தினாள்.

ஊரிலேயே பெரிய வாய் என்னுடையது. ஆனால் அன்று புருவத்தைத் தூக்கினேன்.

"வாயால சொல்லுக்கா!" என்றாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.