இடப்பக்கம் திரும்பிய சீட்டுகள்

பிலோமினா நடந்துபோன தெருவைக் கண்டுபிடிப்பது சுலபம். அங்கே நிற்கிற சைக்கிள்களின் சீட்டுகள் எல்லாம் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பியிருக்கும்.

பதினைந்து வருடமாக இப்படித்தான். டீக்கடை வாசலானாலும் கல்யாண வீடானாலும், சைக்கிள் ஒன்று கண்ணில் பட்டால் அவள் கை சும்மா இருக்காது. சீட்டின் மூக்கைப் பிடித்து ஒரு திருகு. அசைந்தால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள். அசையாவிட்டால் சைக்கிள்காரனைத் தேடிப் பிடித்து, "ஏலே, சீட் பில்லர்ல என்னைக்கு எண்ணெய் விட்ட?" என்று கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போகிறவர்களில் பாதிப் பேர் ஒருக்களித்து மிதித்துக்கொண்டு போவதைப் பார்த்த பங்குச் சாமியார், ஒரு வாரம் அறிவிப்புகளோடு அறிவிப்பாக, சீட்டைத் திருப்புகிறவர்கள் அதை நேராக்கி வைத்துவிட்டும் போகலாம் என்று சொல்லிப் பார்த்தார். முதல் வரிசையில் இருந்த பிலோமினா மற்றவர்களைப் போலவே திரும்பி, யார் அது என்று பார்த்தாள்.

அவளுக்கு அதில் ஒரு நியாயம் இருந்தது. தூத்துக்குடிக் காற்றில் உப்பு இருக்கிறது. சீட்டைத் தாங்கி நிற்கிற குழாயை, அதாவது சீட் பில்லரை, ஆறு மாதம் அசைக்காமல் விட்டால் அது பிரேமோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அந்த இரண்டையும் பிரிப்பதற்குள் உயிர் போய்விடும். ஊரில் இருக்கிற சைக்கிளை எல்லாம் தன்னால் முடிந்தவரை காப்பாற்றுவதாகவே அவள் நினைத்திருந்தாள். கோணலாக உட்கார்ந்து போகிறவர்கள் அப்படி நினைக்கவில்லை.

துறைமுகம் போகிற சாலையில் மந்திரமூர்த்தி அண்ணாச்சியின் பழைய இரும்புக் கடையில் அவளுக்கு வேலை. கப்பலில் வெளிநாட்டுப் பழைய இரும்பு கண்டெய்னர் கண்டெய்னராக வந்து இறங்கும். இரும்பு தனி, பித்தளை தனி, அலுமினியம் தனி என்று பிரிக்க வேண்டும். பிரித்தது லாரி ஏறி உருக்காலைக்குப் போகும். அந்தக் குவியலுக்குள் எப்போதாவது ஒரு சைக்கிள் கிடக்கும். தூரப் பயணம் போவதற்கென்றே ஸ்டீலில் செய்த பழைய சைக்கிள். முன்னும் பின்னும் கேரியர் மாட்ட சின்னச் சின்னக் காதுகள் வைத்த பிரேம், மெல்லிய குழாய். நகத்தால் சுண்டினால் சாதாரணக் குழாய் டொக் என்னும். இது கோயில் மணியை லேசாகத் தொட்டதுபோல ணிங் என்னும். முதல் தடவை அந்தச் சத்தத்தைக் கேட்ட அன்று பிலோமினா நாலு தடவை சுண்டிக் கேட்டாள். அதற்குப் பிறகு அவளால் அதை லாரியில் போட முடியவில்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் 26.8 மில்லிமீட்டர் பில்லருக்கும் 27.2 பில்லருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டைவிரலால் சொல்வாள். பிரெஞ்சுக்காரன் திருகுமரை ஒரு மாதிரி, இங்கிலீஷ்காரன் மரை ஒரு மாதிரி என்பதும், இடப்பக்கப் பெடலின் மரை மட்டும் எதிர்ப்பக்கம் சுற்றும் என்பதும் அவளுக்கு மனப்பாடம். சைக்கிளைப் பூட்டி முடித்த பிறகு ஓட்டிப் பார்க்கிற வேலையை மட்டும் செய்யமாட்டாள். பக்கத்தில் நடந்தபடி தள்ளிக்கொண்டு போய், தலையைச் சாய்த்துச் சத்தம் கேட்பாள்.

"ஓட்டுதவுகதான் ஓட்டிப் பாக்கணும். அளவு அவுகளுக்குல்லா" என்பாள்.

எல்லோரும் அதைத் தொழில் நேர்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

இப்படி ஒன்பது வருடம் பொறுக்கிச் சேர்த்தது எடைமேடைக்குப் பின்னால் ஒரு மூலை முழுக்க நிறைந்தது. தார்ப்பாய்க்குக் கீழே பிரேம்கள், ரிம்கள், டப்பா டப்பாவாக கோன், கப்பு, காட்டர் பின். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, அண்ணாச்சி அந்தத் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏளா பிலோமினா, இது கடையா, ஒன் சீதனமா? கால் வைக்க எடமில்ல. சனிக்கிழம லாரி வருது. எல்லாம் ஏத்திரு."

"அண்ணாச்சி, இதுக்கு ஆளு வருவாக."

"ஒம்பது வருசமா வாராக. எந்த ஊர்ல இருந்து நடந்து வாராகளோ?"

"ஒரு சைக்கிளு. முழுசாப் பூட்டி ஒரு ஆளுகிட்ட குடுத்துட்டா?"

அண்ணாச்சி யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை. லாரிக்குத் தேதி சொன்னவர்.

"சனிக்கிழமக்குள்ள ஒண்ணு ஓடிட்டா இந்த மூல ஒனக்கு. ஓடலன்னா ஒரு நட்டு பாக்கி இருக்கக் கூடாது."

ஆள் இருந்தது. சாத்தான்குளத்தில் பள்ளிக்கூட டீச்சர் சரண்யாதேவி. கன்னியாகுமரியில் தொடங்கிக் கடலோரமாகவே கோவா வரைக்கும் சைக்கிளில் போக வேண்டும் என்பது அவள் ஆசை. உயரம் நாலடி பதினொரு அங்குலம். அவள் உயரத்துக்கு நல்ல பயண சைக்கிள் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. பிலோமினாவின் மூலையில் ஒரு சின்னப் பிரேம் கிடந்தது, பிரெஞ்சுக்காரன் செய்தது. அதை டீச்சருக்கு என்று மனதுக்குள் எழுதி வைத்து இரண்டு மாதமாகச் சாமான் தேடிக்கொண்டிருந்தாள்.

தேடினது சின்னக் கதை இல்லை. பெடல் அச்சு உட்கார்கிற இடத்துக்கு வேண்டிய கப்பு, பிரெஞ்சு மரையில், கயத்தாறில் ஒரு வாடகை சைக்கிள் கடையில் சாமி படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஸ்டாண்டாக இருந்தது. புதிதாக ஒரு பித்தளை ஸ்டாண்டு வாங்கிக் கொடுத்து, சாமியிடமும் மன்னிப்புக் கேட்டு, எடுத்து வந்தாள். ரிம் இரண்டும் அவளே கோட்டம் எடுத்தது. கியர், பிரேக், மட்கார்டு எல்லாம் செவ்வாய்க்கிழமைக்குள் ஏறிவிட்டன. கடைசியாக சீட்டை இறக்க வேண்டியதுதான் பாக்கி. பிரேம் சின்னதுதான். ஆனால் அதைக் கடைசியாக ஓட்டியவன் யாரோ நெட்டையன். அலுமினிய பில்லரை ஒரு முழம் வெளியே இழுத்து வைத்து ஓட்டியிருக்கிறான்.

பிலோமினா சீட்டைப் பிடித்துத் திருகினாள். அசையவில்லை.

செவ்வாய்க்கிழமை மண்ணெண்ணெய் ஊற்றினாள். புதன்கிழமை டீசல் ஊற்றினாள். வியாழக்கிழமை இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸில் பூட்டி, அவளும் கடையில் வேலை செய்கிற இரண்டு பேரும் தொங்கினார்கள். அன்று அசைந்தது வைஸ் வைத்திருந்த மேஜைதான். அறுத்து எடுத்தால் உள்ளே இருக்கிற துண்டு நிரந்தரமாக உள்ளேயே இருந்துவிடும், புதுப் பில்லரும் இறங்காது.

விசைப்படகில் வேலை பார்க்கிற அவள் புருஷன் ரோச் ஒரு யோசனை சொன்னார். "ஏளா, படகு வின்ச்சுல கட்டி இழுத்திருவோமா? ரெண்டு டன் வலையையே இழுக்குது."

"இழுத்திட்டு, நீட்டமா வாரத என்ன செய்யுதது? தூண்டில் கம்பாக்கவா?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டில் ஒப்பாரி கேட்டது. பிலோமினா ஓடிப் போய்ப் பார்த்தாள். மீன் விற்கிற எமில்டா ஐஸ் பெட்டியைத் தரையில் கவிழ்த்துப்போட்டு, ஐஸுக்குள் கையால் துழாவிக்கொண்டிருந்தாள்.

"கல்யாண மோதிரம் போச்சுக்கா. காலைல வெரல்ல இறுக்கமா கெடந்துச்சு. அந்தோணியாரே, கண்டுபிடிச்சுக் குடும், மெழுகுதிரி வைக்கேன்."

"இறுக்கமா கெடந்தது எப்பிடிளா கழண்டுச்சு?"

"ஐஸுக்குள்ள நாள்முழுக்கக் கை கெடந்தா வெரலு சிறுத்துப் போவும்லா. இது தெரியாதா? இதுக்குத்தான் மோதிரத்துக்கு நூல் சுத்துதோம். இன்னைக்குப் பாத்து சுத்தல."

மோதிரம் ஒரு நெய்மீனின் செவுளுக்குள் கிடைத்தது. எமில்டா அழுகையை நிறுத்தி மோதிரத்தை முத்தமிட்டு நிமிர்ந்தபோது, பிலோமினா அவள் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். விரல்தான் பில்லர். மோதிரம்தான் பிரேம். விரலைச் சிறுக்க வைக்க வேண்டும். கூடவே மோதிரத்தைக் கொஞ்சம் சூடு காட்டிப் பெருக்க வைக்க வேண்டும்.

"எமில்டா, நாளைக்குக் காலைல ஒரு கூடை ஐஸ் வேணும்."

"மீன் எத்தன கிலோக்கா?"

"மீனில்ல. ஒரு சைக்கிளு."

எமில்டா, பின்னாலேயே வந்து நின்ற ரோச்சைப் பார்த்தாள். ரோச் வானத்தைப் பார்த்தார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு லாரி வந்து நின்றுவிட்டது. பிலோமினா சீட்டைக் கழற்றினாள். பில்லர் உள்ளே பொள்ளல். அதற்குள் துணியைத் திணித்து அடியை அடைத்து, நொறுக்கிய ஐஸை நிரப்பினாள். ஐஸ் இன்னும் குளிர உப்பு போட வேண்டும் என்று, கூடை கொண்டுவந்த எமில்டா சொன்னாள். உப்பு என்றதும் பிலோமினாவின் முகம் கோணியது. ஒன்பது வருடமாக அவள் ஒரு சைக்கிளைச் சுற்றி உப்பை அண்டவிட்டதில்லை. இப்போது தன் கையாலேயே இரண்டு பிடி அள்ளிப் போட்டாள்.

டீக்கடை பாய்லரிலிருந்து சுடுதண்ணீர் வந்தது. பிரேம் குழாயில் துண்டைச் சுற்றி, ரோச் அதன் மேல் ஊற்றினார். பில்லர் வைஸில். பிரேமைப் பிடித்துத் திருப்புவது பிலோமினாவும் அண்ணாச்சியும். அண்ணாச்சி எப்போது வந்து பிடித்தார் என்று யாரும் கவனிக்கவில்லை.

"நான் லாரிய சீக்கிரம் அனுப்பணும். அதுக்குத்தான்" என்றார் அவர்.

அசையவில்லை. ஐஸ் கரைந்தது. மறுபடி நிரப்பினார்கள். பத்து மணி பஸ்ஸில் வந்திறங்கிய டீச்சர், ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அக்கா, சைக்கிளுக்குக் காய்ச்சலா?"

"கொஞ்சம் பொறுங்க டீச்சர். எறங்கிரும்."

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். பிலோமினா தார்ப்பாயைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வாய்விட்டே சொன்னாள், "உவரி அந்தோணியாரே, இது அசஞ்சிட்டா ஒம்ம கோயிலுக்கு சைக்கிள்லயே வாரேன். இங்கன இருந்து மிதிச்சே வாரேன்."

ரோச் ஊற்றுவதை நிறுத்தினார்.

"ஏளா, ஒனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதே."

அண்ணாச்சி பிரேமைப் பிடித்தபடியே அவளைப் பார்த்தார். டீச்சர் ஹெல்மெட்டைப் பார்த்தாள். பதினோரு வயதில் அண்ணனின் சைக்கிளை எடுத்து கடற்கரையில் ஏறிப் பார்த்ததும், நேரே போய் யாரோ காயவைத்திருந்த நெத்திலிக்கு மேல் விழுந்ததும், தெருவே துரத்தியதும், அதோடு விட்டதும் அங்கே நின்றவர்களில் ரோச்சைத் தவிர யாருக்கும் தெரியாது.

"தண்ணிய ஊத்துங்க" என்றாள் பிலோமினா.

அவர் ஊற்றினார். அவள் கோபத்தையும் வெட்கத்தையும் சேர்த்துப் பிரேமை இழுத்தாள். க்ரீச் என்று ஒரு சத்தம். ஒரு விரற்கடை, இடப்பக்கம். அப்புறம் இன்னொரு விரற்கடை. அதற்குப் பிறகு பில்லர் நேற்றுத்தான் மாட்டியதுபோல வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. எமில்டா சிலுவை போட்டுக்கொண்டாள். அண்ணாச்சி கைகளைத் துடைத்துக்கொண்டு போய், லாரிக்காரனிடம் இன்றைக்கு அந்த மூலையில் சரக்கு இல்லை என்று சொன்னார்.

உப்பு போகப் பிரேமை மூன்று தடவை நல்ல தண்ணீரில் கழுவி, உள்ளே எண்ணெய் விட்டு, பில்லரைத் துடைத்துத் தீட்டி இறக்கினாள் பிலோமினா. டீச்சர் ஏறி, துறைமுகச் சாலையில் போய்த் திரும்பி வந்தாள். கோவாவுக்கும் போய் வந்தாள். அவள் போட்ட படங்களைப் பார்த்து பெங்களூரு, பூனா என்று ஆட்கள் கேட்டு எழுதினார்கள். இன்றைக்கு அந்த மூலை தார்ப்பாய் போய் தகரக் கொட்டகை ஆகிவிட்டது. பிலோமினாவுக்கு இப்போது இரும்பு பிரிக்கிற வேலையும் இல்லை. நாள் முழுக்கச் சாமான் தேடுவதும் பூட்டுவதும் பார்சல் கட்டுவதும்தான்.

எமில்டா அடுத்த செவ்வாய்க்கிழமையே மெழுகுதிரி வைத்துக் கணக்கைத் தீர்த்துவிட்டாள். பிலோமினாவின் நேர்ச்சைக் கடன் மட்டும் ஆறு வருடமாக நிற்கிறது.

முயற்சி செய்யாமல் இல்லை. தனக்கென்று ஒரு சின்னப் பிரேம் எடுத்து, ஒவ்வொரு சாமானாகச் சேர்த்து, கொட்டகையின் நடுவில் நிறுத்தியிருக்கிறாள். சீட்டைத் தினமும் திருகிப் பார்க்கிறாள். எல்லாம் ஏறிவிட்டது, இடப்பக்கப் பெடல் ஒன்றுதான் இல்லை.

"ஊருக்கெல்லாம் தேடிக் குடுக்க. ஒனக்கு ஒரு பெடல் கெடைக்கலியா?" என்று அண்ணாச்சி மாதத்துக்கு ஒரு தடவை கேட்பார்.

"அந்த மரை அபூர்வம் அண்ணாச்சி."

வருடா வருடம் உவரிக்கு பஸ்ஸில் போகிறாள். திருச்செந்தூர் தாண்டி, மணப்பாடு தாண்டி, ஜன்னலோரமாக உட்கார்ந்து, சாலை எங்கே ஏறுகிறது எங்கே இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே போவாள். கோயிலில் முழங்கால் போட்டு, பெடல் இன்னும் அகப்படவில்லை, அகப்பட்டதும் மிதித்தே வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்புவாள்.

போன மாதம் புளி எடுக்கப் பானைக்குள் கையை விட்ட ரோச்சுக்கு, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலம் கனமாக அகப்பட்டது. பிரித்துப் பார்த்தார். ஒரு பெடல். மரை எதிர்ப்பக்கம் சுற்றியது. இருந்த மாதிரியே சுற்றி உள்ளே வைத்து, மேலே புளியைப் போட்டு மூடினார். காணாமல் போன பொருள் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதே வேலையாக இருக்கிற அந்தோணியாருக்கு, அது அங்கே இருப்பது இந்நேரம் தெரிந்திருக்கும். அவரும் ஒன்றும் சொல்லவில்லை.