சொந்த வூடுதான் சார்

மீன் குழம்பு கொதிக்கும் சட்டிக்குள் கூரையின் சிமெண்டுப் பூச்சு ஒரு தட்டளவு பெயர்ந்து விழுந்தது. என் மனைவியும் பிள்ளைகளும் அப்படியே உறைந்து நின்றார்கள். குடும்பத் தலைவனாகிய நான் அதற்குள் தெருமுனையை அடைந்திருந்தேன். பக்கத்து வீட்டு அத்தைதான் என்னைப் பிடித்து நிறுத்தினாள். "இன்னாடா, பொண்டாட்டி புள்ளய வுட்டுட்டு உன் உசிரு மட்டும் தனியா ஓடுது?"

அத்தை உறவு இல்லை. கரும்பு வெட்டப் போகிறவள். கணவன் இல்லை, பிள்ளை இல்லை. பாகூர்ப் பக்கத்தில் அரசாங்கம் கட்டித் தந்த தொகுப்பு வீடுகளில் எங்களுக்கும் அவளுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். புயலுக்குப் பிறகு அந்த வரிசையே உதிர்ந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் இடித்து, அதே இடத்தில் மாடி வீடுகள் கட்டி, குறைந்த வாடகைக்கு விடப்போவதாகச் சொன்னார்கள். சொந்த வீடு இல்லாதவர்களுக்கு மட்டும். எங்களில் ஒருவருக்கும் பட்டா கிடையாது. விசாரிக்க வருகிற அதிகாரியிடம் வாயால் சொல்வதுதான் ஆதாரம்.

இங்கேதான் எங்கள் தெருவின் பழக்கம் என்னைக் கவிழ்த்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்டால் தெருவே ஒரே குரலில் சொல்லும் பதில் ஒன்று உண்டு. அதிகாரி, "இது யார் வீடு?" என்றதும் நெஞ்சை நிமிர்த்தி அதையே சொன்னேன்: "சொந்த வூடுதான் சார்!"

"சொந்த வீடு இருந்தா வாடகை வீடு கிடையாதுங்க."

கால் மறுபடியும் தெருமுனையை நினைத்தது. அத்தை முன்னால் வந்தாள்.

"அவன் ஒளறுறான் சார். அது என் வூடு. வாடகைக்கு வுட்டிருக்கேன்."

"அப்போ உங்களுக்குக் கிடைக்காதும்மா."

"சரி."

ஒரே சொல். கூரை விழுந்தபோதுகூட எனக்கு அப்படித் தூக்கிவாரிப் போடவில்லை. உண்மையைச் சொல்ல அதிகாரியின் பின்னால் ஓடப் பார்த்தேன். அத்தை சட்டையைப் பிடித்து இழுத்தாள். "போனியானா உன் வூடும் பூடும். நான் ஒண்டிக்கட்டை, மணப்பட்டுல தங்கச்சிகிட்ட போயிக்கிறேன். உனக்கு எங்கடா போக்கிடம்?"

இப்போது எங்களுக்குத் தரைத்தளத்தில் வீடு. கூரை வழவழவென்று இருக்கிறது. ஆனாலும் அண்ணாந்து பார்க்காமல் சோற்றில் கை வைக்க மாட்டேன். குடிபோன அன்று மணப்பட்டு போய் அத்தையை அழைத்து வந்தேன். பால் காய்ச்சியதும் இனி எங்களோடுதான் இருக்க வேண்டும் என்று மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தை பாலைக் குடித்துவிட்டு, சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டினாள்.

"வாடகைக்கு வுட்ட வூட்டுல வூட்டுக்காரம்மாவே வந்து குந்திக்கினா நல்லாவாடா இருக்கும்?"

அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை கூடப் போனேன்.