வில்லோக் கதியால் பிடுங்கப் போன சனிக்கிழமை

"மெல்பர்ன் பக்கத்தில் ட்ரவுட் எங்கே பிடிக்கலாம்?" இந்த வலைப்பதிவுக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். பதில் எழுதி எழுதி அலுத்துவிட்டது. எல்லோருக்கும் தூண்டில் போட இடம் வேண்டும். அந்த மீன் பிழைக்க ஓடை ஒன்று வேண்டும் என்ற நினைப்பு யாருக்கும் வருவதில்லை. ஆகவே இந்த முறை தூண்டிலே இல்லாத பயணம். போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை, டாகெர்ட்டி பக்கத்து ஓடைக்கரையில், நம் ஆட்கள் ஆசையாகப் போட்ட வேலியை நம் ஆட்களே பிடுங்கப் போனோம். கோபத்தோடுதான் போனேன், அதனால் இந்தக் கட்டுரையும் கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கும்.

விஷயம் இதுதான். டாகெர்ட்டி தாண்டி, க்ளென் என்ற மாட்டுப்பண்ணைக்காரரின் நிலத்துக்குள் ஓர் ஓடை ஓடுகிறது. பெயர் சொல்ல மாட்டேன், நாளைக்கே நீங்கள் அவர் வேலியைத் தாண்டி நிற்பீர்கள். ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், நிழல் வேண்டும், முட்டையிடச் சேறில்லாத கூழாங்கல் வேண்டும். மாடு இறங்கிக் கலக்கினால் மூன்றும் போச்சு. அதனால் மீன்பிடிப்பவர்களும் ஊர்க்காரர்களும் ஒரு குழுவாகச் சேர்ந்து கரையில் மரம் நடுகிறார்கள். அதில் ஒரு துண்டுக் கரை, ஒரு கிரிக்கெட் மைதானத்தின் குறுக்களவு இருக்கும், மூன்று வருடமாக மெல்பர்ன் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றின் பொறுப்பில் இருக்கிறது. அவர்களுக்குத் தலைவி சிவமலர் அன்ரி. ட்ருகனினாவில் வீடு, அங்கேயே ஒரு பெரிய கிடங்கில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். கிடங்கில் அதட்டிப் பழகிய குரல், ஓடைக்கரையிலும் அதே குரல்தான்.

அந்த வாரம் புதன்கிழமை போன் வந்தது. "பிள்ளை, சனிக்கிழமை வாறியளோ? திங்கக்கிழமை மருந்தடிக்க ஆள் வருதாம். எங்கட கண்டெல்லாம் போகப்போகுது."

மரக்கன்றைத்தான் அவர்கள் கண்டு என்பார்கள். என்ன ஏது என்று கேட்கவில்லை. "வர்றேன் அன்ரி" என்றேன்.

மல்கிரேவிலிருந்து காலை ஆறேகாலுக்குக் கிளம்பினேன். ஸ்டட் ரோடு, லில்லிடேல், ஹீல்ஸ்வில். ஈஸ்ட்லிங்கில் ஏறாததால் சுங்கம் கிடையாது. ஹீல்ஸ்வில் வரை ஐம்பத்தைந்து கிலோமீட்டர், சனிக்கிழமை காலையென்றால் ஒரு மணி நேரம். பேக்கரியில் காப்பி ஐந்தரை டாலர், சுமார்தான். அங்கே ட்ருகனினா வேன் நின்றது. அன்ரியின் கணவர் வேனை ஓட்ட, அன்ரி இறங்கி வந்து என் காரில் ஏறிக்கொண்டார். கதை சொல்ல வேண்டுமே!

ஹீல்ஸ்வில் தாண்டியதும் பிளாக் ஸ்பர் மலைப்பாதை. நெடுநெடுவென்று மவுண்டன் ஆஷ் என்ற யூகலிப்டஸ் மரங்கள், அடியில் மரப்பெரணி, வளைவுக்கு வளைவு எதிரே மரம் ஏற்றிய லாரி. அந்த அழகில் ஒன்றையும் நான் பார்க்கவில்லை. அன்ரி பக்கத்தில் உட்கார்ந்து கொதித்துக்கொண்டிருந்தார்.

"அன்ரி, என்னதான் ஆச்சு?"

"என்ன ஆகிறது? நட்ட கண்டையெல்லாம் க்ளென்ர மாடு வந்து தின்னுது. நீங்கள் நடுங்கோ, நான் வேலி போட்டுத் தாறன் எண்டு கையடிச்சுச் சொன்ன மனுசன். கேட்டால் அடுத்த மாசம், அடுத்த மாசம். நாங்கள் பாத்துக்கொண்டிருக்கேலுமோ? ஓகஸ்ட்டில வெட்டின வில்லோக் கொப்பெல்லாம் குவிஞ்சு கிடந்துது. எடுத்துக் கதியால் போட்டம்."

யாழ்ப்பாணத்தில் வளவுக்கு வேலி என்றால் கிளுவையோ பூவரசோ வெட்டி, தடி தடியாக வரிசையில் ஊன்றிவிடுவார்கள். தடி வேர்விட்டுத் துளிர்க்கும், வருடா வருடம் வேலி இறுகும். அந்தத் தடிதான் கதியால். தமிழ்நாட்டில் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் உயிர்வேலி என்போம்.

சிரிப்பு வந்தது, உடனே அடங்கியது. வில்லோ வெளிநாட்டிலிருந்து வந்த மரம், இந்த ஓடைகளுக்கு எமன். தண்ணீருக்குள்ளேயே வேரைப் பாயாகப் பரப்பி ஓடையை அடைக்கும். இலையுதிர் காலத்தில் மொத்த இலையையும் ஒரே மூச்சில் கொட்டித் தண்ணீரை அழுக வைக்கும். விரல் நீளத்துக்கு ஒரு குச்சி ஒடிந்து மிதந்து போனாலும் கீழே எங்காவது ஒதுங்கி மரமாகிவிடும். அதை ஒழிக்கத்தான் குழு வருடக்கணக்காக வெட்டுகிறது. வெட்டியதைக் கொண்டே நம் ஆட்கள் வரிசை கட்டி நட்டு, கம்பியும் இழுத்துக் கட்டி வைத்திருக்கிறார்கள்!

"அன்ரி, அது முளைக்கும்னு தெரியாதா?"

"ஏன் தெரியாது? முளைக்கோணும் எண்டுதானே நட்டது! காய்ஞ்ச தடி எண்டு நினைச்சம் எண்டு நான் பொய் சொல்லமாட்டன். தண்ணிக்குள்ள நிண்டால்தான் கெடுதல், மேட்டில நிண்டால் கொப்பு வெட்டி அடக்கி வைச்சிருக்கலாம் எண்டு நினைச்சம். பிழைதான். பிழை எண்டால் நாங்கள்தானே பிடுங்கோணும்? அதுக்கேன் மருந்து?"

இங்கே செப்டம்பரில் தொடங்கும் வசந்தத்தில் வேலி ஜோராகத் துளிர்த்துவிட்டது. பார்த்த க்ளென் பதறிப்போய் களைக்கொல்லி மருந்தடிக்கும் ஒப்பந்தக்காரரைத் திங்களுக்கு வரச் சொல்லிவிட்டார். அடித்தால் வில்லோவோடு பக்கத்தில் நிற்கும் வாட்டில், டீ-ட்ரீ என்ற உள்ளூர் மரக்கன்றுகளும் கருகும். மூன்று வருட உழைப்பு. கரை மொட்டையானால் திரும்ப மாட்டுக்குத் தண்ணீர்த்துறை ஆகிவிடும். போதாததற்கு, குழுவின் ஒருங்கிணைப்பாளரான ஹெதர் என்ற பெண்மணி, அன்ரியைக் கூப்பிட்டு இதமாக ஒன்று சொல்லியிருக்கிறார்: இனி கரை வேலையை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள், உங்கள் சாப்பாடு பிரமாதம், நீங்கள் மதிய உணவைக் கவனித்துக்கொள்ளுங்களேன்.

இதைக் கேட்டதும்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. தப்பு நடந்தது, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக ஒரு கூட்டத்தையே அடுப்பங்கரைக்கு அனுப்புவதா? ஹெதர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதுதான் கெட்டது.

டாகெர்ட்டிக்கு எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். கிரெய்கிபர்னில் இருக்கும் மற்றக் குடும்பங்கள் யே என்ற ஊர் வழியாக முன்பே வந்திருந்தன. ஹெதர் வந்து எல்லோரையும் வரவேற்றார், பழக்கதோஷத்தில் வேனின் பின்பக்கத்தையும் எட்டிப் பார்த்தார். வழக்கமாக அங்கே ரோல்ஸும் வடையும் பெட்டி பெட்டியாக இருக்கும். அன்றைக்கு மண்வெட்டியும் கடப்பாரையும் சாக்குப் பைகளும்தான்.

"இன்றைக்குச் சாப்பாடு இல்லை ஹெதர். வேலைக்கு வந்திருக்கிறோம்" என்று அன்ரி ஆங்கிலத்தில் சொன்னார். ஹெதரின் முகம் சிவந்தது. தன் கையுறையை மாட்டிக்கொண்டு அவரும் வந்தார், அதற்காக அவருக்கு ஒரு மதிப்பு உண்டு.

வேலியைப் பார்த்ததும், சத்தியமாகச் சொல்கிறேன், பிடுங்க மனம் வரவில்லை. நூல் பிடித்த மாதிரி நேர்வரிசை, ஒவ்வொரு தடியிலும் இளம்பச்சைத் துளிர். அன்ரி ஒரு நிமிடம் பார்த்தார். "என்ன வடிவா முளைச்சிருக்கு, மூதேசி" என்று சொல்லிவிட்டு முதல் தடியை ஆட்டினார்.

சும்மா இழுத்தால் வராது. சுற்றிலும் மண்ணைக் கிளறி, வேர் அறாமல் தூக்க வேண்டும். அறுந்த வேருக்கு ஹெதர் தூரிகையால் ஒரு சொட்டுக் களைக்கொல்லி தொட்டு வைத்தார்; அதற்கு அவருக்குப் பயிற்சி உண்டு. பிடுங்கியதை உடனே சாக்கில் போட்டு மேட்டுக்கு ஏற்ற வேண்டும். பதினொரு மணிக்குள் என் இடுப்பு கழன்றுவிட்டது. நடுவில் நான் தூக்கிய தடி ஒன்றிலிருந்து ஒரு கிளை ஒடிந்து தண்ணீரில் விழுந்தது.

"ஐயோ, விடாத! பிடி, பிடி!" என்று அன்ரி போட்ட சத்தத்தில் பூட்ஸோடு இறங்கி ஓடினேன். நவம்பரிலும் தண்ணீர் எலும்பைக் கடித்தது. வளைவில் ஒரு மரக்கட்டையில் கிளை சிக்கி நின்றபோது எட்டிப் பிடித்தேன். கட்டையின் நிழலிலிருந்து முழங்கை நீளத்தில் பழுப்பு ட்ரவுட் ஒன்று விசுக்கென்று விலகிப் போனது. தூண்டிலோடு வந்த நாட்களில் ஒரு தடவைகூட அங்கே அதைப் பார்த்ததில்லை, பாவி!

ட்ரவுட் இந்த ஊர் மீன் இல்லை, வெள்ளைக்காரர் கொண்டுவந்து விட்டது, அதற்கா இவ்வளவு பாடு என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் நிழலும் தெளிந்த தண்ணீரும் வந்தால் உள்ளூர் மீனுக்கும் பூச்சிக்கும் சேர்த்துத்தான் வருகிறது. உள்ளூர் மீன் மட்டுமே மிஞ்சியிருக்கும் ஓடைகளில் ட்ரவுட்டை விடவே கூடாது என்பதும் சரி. இங்கே இரண்டும் இருக்கின்றன. இன்னொன்று: வந்த மீன், வந்த மரம், வந்த மனிதர்கள் என்று பின்னூட்டத்தில் யாரும் தத்துவம் எழுத வேண்டாம். அன்ரி குடியுரிமை வாங்கி வரி கட்டுகிறவர். வில்லோ கட்டுவதில்லை.

கடைசியில் நடந்ததைச் சொல்வதற்கு முன், போக நினைப்பவர்களுக்கு. போக வர இருநூற்றுப் பத்து கிலோமீட்டர், என் காருக்குப் பெட்ரோல் முப்பத்தைந்து டாலர் ஆனது. தன்னார்வ வேலைக்குக் கட்டணம் இல்லை, குழுவில் பெயர் கொடுத்தால் போதும். நடுவது குளிர்காலத்தில், களை எடுப்பது வசந்தத்தில். வசந்தத்தில் பாம்பு உண்டு. முழங்கால் வரை மூடும் காலுறையும் தடித்த பூட்ஸும் இல்லாமல் புல்லில் கால் வைக்காதீர்கள். குளிர்காலத்தில் கூழாங்கல் படுகையை மிதிக்காதீர்கள், அங்கேதான் முட்டை இருக்கும். மீன் பிடிப்பதானால் உரிமம் எடுங்கள், குளிர்காலத்தில் ஓடைகளில் ட்ரவுட் பிடிக்கத் தடை. போகும் வழியில் போன் சிக்னல் நின்றுவிடும், வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தக் குச்சியையும் எங்கேயும் ஊன்றாதீர்கள். கேட்டுவிட்டு ஊன்றுங்கள்.

இனி அன்றைய மாலை. நான்கு மணி சுமாருக்குக் கடைசித் தடியும் சாக்குக்குள் போயிற்று. க்ளென் வண்டியில் வந்து இறங்கினார். ஒட்டகச்சிவிங்கி மாதிரி உயரமான ஆள், அதிகம் பேசமாட்டார். கரையோரம் முழுக்க நடந்தார். குனிந்து மண்ணைக் கிளறியும் பார்த்தார். திரும்பி வந்து, "நல்லது. திங்கட்கிழமை ஆளை வேண்டாமென்று சொல்லிவிடுகிறேன்" என்றார்.

எல்லோருக்கும் உயிர் வந்தது. ஹெதர் என் தோளைத் தட்டினார். ஆளுக்கொரு சாமானைத் தூக்கத் தொடங்கினோம். அன்ரி நகரவில்லை.

"மாடு?" என்றார்.

"என்ன மாடு?" என்றார் க்ளென்.

"உங்கள் மாடு. நாங்கள் செய்த தப்பை நாங்கள் பிடுங்கிவிட்டோம். நீங்கள் போடாத வேலியால்தான் அந்தத் தப்பே வந்தது. உங்கள் வேலி எப்போது?"

ஹெதர் என் கையைக் கிள்ளினார். க்ளெனின் நிலம், அவர் ஓடைக்கரை. வெளியே போங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் மூன்று வருடமும் அங்கேயே முடிந்தது. அன்ரிக்கு அது தெரியாதா? தெரிந்துதான் கேட்டார். இடுப்பில் கை, முகமெல்லாம் சேறு, குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை.

க்ளென் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

"இப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார் ஹெதர். "போனால் போகட்டும். நான் கேட்டதில என்ன பிழை?" என்று அன்ரி என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார். பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் ஹெதரிடமும் சொன்னேன்.

அரை மணி கழித்து வண்டி திரும்பி வந்தது. பின்தட்டில் மின்வேலி நாடாச் சுருள்கள், காலால் மிதித்து ஊன்றும் பிளாஸ்டிக் கம்பங்கள், சூரிய மின்கலப் பெட்டி. "இது தற்காலிகம்" என்றார் க்ளென். "கம்பி வேலி கிறிஸ்துமஸுக்குள்."

"இந்தக் கிறிஸ்துமஸா?" என்றார் அன்ரி.

அந்த மனிதர் சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஹெதர் ஒரு முனை, நான் ஒரு முனை, அன்ரியின் கணவர் நடுவில் என்று வெயில் சாய்வதற்குள் வேலி நின்றது. பொத்தானைத் தட்டியதும், தினமும் இறங்கும் தடத்தில் ஒரு கறுப்புப் பசு தன்பாட்டுக்கு ஓடைக்கு வந்தது. நாடாவில் மூக்கு பட்டதும் துள்ளிப் பின்வாங்கி, எங்களைப் பார்த்து நீளமாகக் கத்தியது. மேட்டில் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது.

அன்ரி அதன் எதிரே போய் நின்றார். "கத்தாத. அங்கால போய்க் குடி. இது எங்கட இடம்."

க்ளென் என் பக்கம் திரும்பி, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். மாற்றிச் சொல்ல ஒரு கணம் வாய் வந்தது. மாற்றவில்லை. "இது எங்கள் இடம் என்கிறார்" என்றேன்.

அவர் கரையைப் பார்த்தார், கன்றுகளைப் பார்த்தார், அன்ரியைப் பார்த்தார். பிறகு தலையசைத்துவிட்டு, மாட்டை மேட்டுப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார்.