பேச்சியின் கன்னத்துக் கட்டி

மயக்க மருந்து கொடுக்கிறவனுக்கு யாரும் நன்றி சொன்னதில்லை. நோயாளி தூங்கிப்போகிறான், உறவுக்காரர்கள் வெளியே நிற்கிறார்கள். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து இடுப்பொடிந்த உங்களுக்கு என் கஷ்டம் புரியும். பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர், மயக்க மருந்து கொடுப்பதும் நான்தான்.

மச்சம்

சீவலப்பேரியில் வயல்கூலி வேலை பார்க்கிற மாடசாமி, நாலு வயது மகள் பேச்சியைத் தோளில் தூக்கிவந்தான். பிள்ளையின் முகமெல்லாம் மிளகைத் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். கண்ணுக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. வெயில் பட்டால் கெட்டுப்போகிற தோல், அபூர்வமாகத்தான் இப்படிப் பிறக்கும், கட்டி புற்று, விட்டால் கண் போய்விடும் என்றார் டாக்டர். மாடசாமிக்கோ வேறு கவலை.

"ஒரு மச்சம் இருந்தாலே யோகம்னு சொல்லுதாவ, இவளுக்கு மூஞ்சி பூரா இருக்கு. கத்திய வச்சா யோகம் போயிராதாய்யா?"

ஆடுகள்

யோகத்தைவிடக் கண் பெரிது என்று அவனுக்குப் புரியவைப்பதற்குள் எங்களுக்குத் தொண்டை வற்றிவிட்டது.

பெரியவர்களை ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லிக்கொண்டே குளோரோபாரம் கொடுப்போம். பேச்சிக்கு எண்ணத் தெரியாது. வீட்டு ஆடுகளை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிப் பட்டிக்கு ஓட்டு என்றேன். வெள்ளச்சி, கருவாச்சி, கொம்பி என்றாள், அதோடு தூங்கிவிட்டாள். டாக்டர் கட்டியைச் சுற்றி நல்ல தோலையும் கொஞ்சம் சேர்த்து வெட்டினார். ஓரத்தில் துளி மிஞ்சினாலும் மறுபடி வளருமாம். தையல் முடிகிறவரை அவள் மூச்சு ஒன்றுதான் என் காதில் கேட்டது. சின்னப் பிள்ளைக்கு மருந்து கொஞ்சம் கூடினாலும் போச்சு. முழித்தாள், வாந்தியெடுத்தாள், என்னை முறைத்தாள்.

"மத்த ஆட்டையெல்லாம் யாரு பத்துனா?"

வெள்ளி உருவம்

உடம்பில் எந்த இடம் குணமானாலும் அதன் உருவத்தை வெள்ளியில் செய்து கோயிலில் செலுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். தையல் பிரித்த அன்று மாடசாமி ஒரு ஆசாரியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். புட்டியில் போட்டுவைத்திருந்த கட்டியை அளவெடுக்கணுமாம். டாக்டர் சிரித்துக்கொண்டே காட்டச் சொன்னார். காட்டிவிட்டுத்தான் கசப்பான சேதியைச் சொன்னார்: பிள்ளையை வெயிலில் விடாதே, இந்தத் தோலில் இன்னும் கட்டி வரும், கடுகளவில் இருக்கும்போதே கொண்டுவந்தால் கண்ணுக்கு ஆபத்தில்லை.

மாடசாமியின் முகம் செத்துப்போயிற்று. மகளின் கன்னத்தைத் தடவினான். பிறகு ஆசாரியிடம் திரும்பினான்.

"கட்டியோட ரெண்டு கடுகும் சேத்துப் பண்ணிரும்வே. வரப்போறதையும் இப்பமே சாமிட்ட ஒப்படைச்சிருதேன்."

பிறகு வந்த கடுகுகளையும் கடுகாக இருக்கும்போதே வெட்டி எடுத்தோம், பிள்ளையின் கண் பிழைத்தது, பேர் முழுக்கச் சாமிக்குப் போனது. எங்கள் தொழிலில் வெற்றி என்றால் இதுதான்.