நகராத தேதி

அந்த யோசனை வந்தபோது நான் எஸ்டேட் ஆபீஸ் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கையில் டீ கிளாஸோடு நடுங்கிக்கொண்டிருந்தேன். காலை ஏழு மணி. தலைச்சோலைப் பக்கம் பனி இன்னும் விலகவில்லை. உள்ளே மேசையில் ரைட்டரம்மா, அதாவது அந்த எஸ்டேட்டின் கணக்கெழுத்தர், கம்ப்யூட்டர் திரையில் ஐந்து இடங்களில் ஒவ்வொன்றாகத் தேர்வு செய்துகொண்டிருந்தார். எந்தப் பிரிவு, எந்த வகைச் செடி, பழம் எவ்வளவு பழுத்திருக்கிறது, கடைசியாகப் பறித்து எத்தனை நாள் ஆகிறது, மருந்து அடித்தது எப்போது. ஐந்தையும் சொல்லி முடித்தால் அன்றைக்கு ஆள் அனுப்பக்கூடிய பிளாக்குகள், அதாவது தோட்டத் துண்டுகள், மட்டும் கீழே வரிசையாக வரும். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஜீப் கிளம்பும். ஜீப் பக்கத்தில் பதினோரு பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள்.

முந்தின நாளும் இதே ஐந்து. அதற்கு முந்தின நாளும் இதே ஐந்து. எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. இந்தத் தேடலுக்கு ஒரு பெயர் வைத்துச் சேமித்துவிட்டால் என்ன? திரையில் ஐந்துக்குப் பதில் ஒரே தட்டு. ஜீப் பத்து நிமிடம் முன்னால் கிளம்பிவிடும்.

"ஏனுங்க்கா, தினமும் இதே அஞ்சுதானா?" என்றேன்.

"தினமும் இதேதான் கண்ணு. தூக்கத்துலகூட வெரல் ஆடுதுன்னு எங்க ஊட்டுக்காரரு சொல்றாரு."

"ஒரே தட்டுல வந்துட்டா?"

"வந்துட்டா இன்னொரு டீ குடிப்பேன். வேறென்ன."

சேலத்தில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து நடத்தும் சிறிய கம்பெனி எங்களுடையது. காபி எஸ்டேட்டுகளின் அன்றாட வேலைகளுக்கு மென்பொருள் செய்கிறோம். திரை எப்படி இருக்க வேண்டும், எங்கே தட்டினால் என்ன நடக்க வேண்டும் என்று தீர்மானிப்பது என் வேலை. என் ஊர் ஏற்காடு என்பதால், எஸ்டேட்டுகளுக்கு ஸ்கூட்டரில் போய் ஆட்கள் வேலை செய்வதைப் பார்த்து வருவதும் என் தலையில்தான். எனக்கு அது பிடித்தும் இருந்தது. ஓரிடத்தில் பத்து நிமிடம் சும்மா உட்காரத் தெரியாத பிறவி நான்.

அந்த ஐந்தில் கடைசியானது மற்றவை மாதிரி இல்லை. காபித் தண்டைத் துளைக்கும் வண்டுக்கு மருந்து அடித்தால், அந்த எஸ்டேட்டில் பத்து நாளைக்கு அந்த பிளாக்கில் யாரும் கால் வைக்கக் கூடாது. பழம் பறிப்பவர்கள் கிளையை வளைத்து, தண்டோடு தண்டாக உரசிக்கொண்டு நிற்பவர்கள். எங்கள் மென்பொருள் வருவதற்கு முன்னால் ஒரு தடவை அவசரப்பட்டு ஆள் அனுப்பி, நினைவிழந்த ஒரு பெண்ணை மலையிறக்கிக் கொண்டுபோயிருக்கிறார்கள். ரைட்டரம்மாதான் என்னிடம் சொன்னார். அதனால் மற்ற நான்கையும் மளமளவென்று தேர்வு செய்பவர், ஐந்தாவதற்கு வந்ததும் சுவர்க் காலண்டரை ஒரு பார்வை பார்ப்பார். பத்து நாள் பின்னால் எண்ணி, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிக்குள் மருந்து அடித்த பிளாக்குகளை விட்டுவிடு என்று திரையில் குறிப்பார். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

மூன்று வாரத்தில் முடித்துவிட்டோம். ரைட்டரம்மா ஐந்தையும் ஒருமுறை தேர்ந்தெடுத்து, 'இன்னைக்குப் போற எடம்' என்று பெயர் வைத்துச் சேமித்தார். மறுநாள் காலை ஒரே தட்டு. பட்டியல் சரியாக வந்தது. அவர் நிஜமாகவே இன்னொரு டீ குடித்தார்.

ஜீப்பில் ஏறப்போன பெண்களில் ஒருவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். வெள்ளக்கடை ஊர்க்காரர், நாற்பது வயதிருக்கும், எல்லோரையும்விடக் குரல் பெரியது.

"ஏங்கண்ணு, நீ அந்த மப்ளர் கடைக்காரரு பொண்ணுதானே?"

"ஆமாங்க்கா."

"உங்கப்பா குடுத்த மப்ளர் ஒரே தொவையல்ல வெளுத்துப்போச்சு. நீ செஞ்சதாவது நாலு தொவையல் தாங்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அந்த வாரம் மேனேஜருக்குச் செய்து காட்டினேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. மருந்து அடித்த பிளாக்கின் நுழைவில் உள்ள சில்வர் ஓக் மரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார்கள். பத்து நாள் கழித்து அவிழ்ப்பார்கள். மேனேஜர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "அப்ப இந்தத் துணி கட்டற வேலையெல்லாம் இனி வேண்டியதில்லையாம்மா?" என்று கேட்டார்.

"வேண்டாங்க சார். சிஸ்டமே அந்த பிளாக்கைக் காட்டாது."

கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னேன். அதில் ஒரு பெருமையும் இருந்தது.

அதன்பின் இரண்டு வாரத்துக்கு மேல் மழை. மருந்து அடிக்க முடியவில்லை, ஆகவே எதுவும் தெரியவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை வெயில் அடித்தது. கீழேயிருந்து வரும் மருந்தடிக்கும் கோஷ்டி ஆறாம் பிளாக்கை முடித்து, தேதியைப் போனில் ஒழுங்காகப் பதிவு செய்துவிட்டுப் போயிருக்கிறது. ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை ரைட்டரம்மா ஒரே தட்டில் பட்டியலைப் போட்டார். ஜீப் ஆறாம் பிளாக்குக்குப் போனது. நுழைவு மரத்தில் சிவப்புத் துணி இல்லை.

நானும் பின்னாலேயே ஸ்கூட்டரில் போனேன். எங்கள் இணையதளத்தில் போட ஒரு சின்ன வீடியோ எடுக்கலாம் என்று. சேமித்த தேடலால் நேரம் மிச்சமாகிறது என்று பழம் பறிக்கிறவர் வாயாலேயே சொல்ல வைத்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. வெள்ளக்கடை அக்காவைத்தான் பிடித்தேன். ஒன்றரை மணி நேரமாகப் பறித்திருந்தார். இடுப்பில் கூடை பாதி நிறைந்திருந்தது.

"சிரிச்சாப்பல ஒரு தடவ சொல்லுங்க்கா."

"மூஞ்சி எரியுது கண்ணு. எங்க சிரிக்கறது."

வழக்கமான கிண்டல் என்று நினைத்தேன். போனை இன்னும் கொஞ்சம் அருகே கொண்டுபோய், "இன்னும் ஒரே தடவக்கா" என்றேன். அந்த வீடியோ இப்போதும் என்னிடம் இருக்கிறது. அதில் என் குரல் உற்சாகமாக இருக்கிறது. அவர் முழங்கையால் நெற்றியைத் துடைக்கிறார், ஏதோ சொல்ல வாயெடுக்கிறார், பிறகு சட்டகத்திலிருந்து கீழே போய்விடுகிறார். அப்படியே செடியடியில் குந்தி வாந்தி எடுத்தார்.

குனிந்து அவர் தோளைப் பிடித்தபோதுதான் தண்டைப் பார்த்தேன். முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாகப் பூசியது போல் ஒரு படிவு. பக்கத்துச் செடியிலும். அதற்கடுத்ததிலும்.

ஆட்களை மேற்பார்க்கும் மேஸ்திரி சத்தம் போட்டு எல்லோரையும் மேலே சாலைக்கு வரச் சொன்னார். இன்னும் இரண்டு பேருக்குக் கண் எரிச்சல். ஜீப் அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியது. நான் சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று போனைத் திறந்தேன். ஒரு திரையில், ஆறாம் பிளாக், மருந்து அடித்தது சனிக்கிழமை. இன்னொரு திரையில், 'இன்னைக்குப் போற எடம்', முதல் வரியில் ஆறாம் பிளாக். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பிறகு ஸ்கூட்டரைத் திருப்பி ஜீப்பின் பின்னாலேயே ஓட்டினேன்.

ஆஸ்பத்திரியில் வெள்ளக்கடை அக்காவைக் குளிக்க வைத்து, துணி மாற்றி, குளுக்கோஸ் ஏற்றினார்கள். சாயங்காலம்வரை வைத்துப் பார்க்க வேண்டும், இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த ஏழு மணி நேரமும் நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். உட்கார முடியவில்லை. நான்கு மணி வாக்கில் அவர் கண்ணைத் திறந்து என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார்.

"எனக்குத் தலைதான் சுத்துது சாமி. உன் மூஞ்சியப் பாத்தா நொம்ப பயமா இருக்குது. நீ வந்து படுத்துக்கோ, நான் எந்திரிச்சுக்கறேன்."

எனக்கு அழுகை வந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இருமினார், நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னார். இருட்டுவதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் ஓய்வு, தோலில் கொப்புளம் வந்தால் திரும்ப வர வேண்டும்.

மறுநாள் காலை ஆபீஸில் மேனேஜர் நேராக ரைட்டரம்மாவைத்தான் கேட்டார். "யாரு அமுக்குனது?"

"நான்தானுங்க சார்."

"அமுக்குனது அவங்கதானுங்க சார்," என்றேன். "தப்பு அந்த பட்டன்ல இருக்குது. அது நான் செஞ்சது." மேனேஜர் மேஸ்திரியைக் கூப்பிட்டு, மருந்து அடித்த பிளாக்குகளில் பழையபடி துணி கட்டச் சொன்னார். அதைவிட என்னைத் திட்டியிருக்கலாம்.

அவர் போனபின் ரைட்டரம்மாவைக் கேட்டேன். "அக்கா, சேமிக்கும்போது அது என்ன செய்யும்னு நெனச்சீங்க?"

"நான் தினமும் என்ன பண்றனோ அதையே பண்ணும்னு நெனச்சேன் கண்ணு."

"தேதி?"

"தினமும் தேதிய மாத்தறதுதானே நான் பண்றது. அதையும் அதுவே பண்ணிக்கும்னுதானே நெனப்போம்?" பிறகு மெதுவாகச் சொன்னார்: "காலண்டரைப் பாக்கறத நிறுத்தி மூணு வாரமாச்சு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் தினமும் செய்த ஐந்தில் நான்கு மாறாதவை. ஐந்தாவது மட்டும் தினமும் ஒரு நாள் நகர்வது. நான் நான்கையும் சேமித்தேன், ஐந்தாவதையும் அதே இடத்தில் ஆணியடித்துவிட்டேன். அவர் சேமித்த நாளில் எந்தப் பத்து நாளோ, அந்தப் பத்து நாளுக்குள் அடித்த மருந்தைத்தான் அது மூன்று வாரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை அடித்தது அதற்கு வெளியே. ஆகவே ஆறாம் பிளாக் சுத்தம். மழை பெய்யாமல் இருந்திருந்தால் எத்தனை காலைகள் இப்படி ஜீப் போயிருக்கும் என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

அன்றைக்கே சேலத்துக்கு இறங்கினேன். புரோகிராம் எழுதும் நண்பனிடம் போய், "பெரிய பக் இருக்குடா, புரோகிராம்ல எங்கயோ தப்பு" என்றேன். அவன் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு நாற்காலியைத் திருப்பினான்.

"பக் இல்லையே. நீ எழுதிக் குடுத்தாப்பலதான் செஞ்சிருக்கேன்."

என் குறிப்பைத் திறந்து காட்டினான். 'சேமிக்கும் நேரத்தில் திரையில் உள்ள அனைத்தும் அப்படியே சேமிக்கப்பட வேண்டும்.' 'அப்படியே' என்ற சொல்லுக்கு நானே அடிக்கோடு போட்டிருந்தேன். எல்லாச் சோதனைகளிலும் தேறியிருந்தது. நான் கேட்டதை அது ஒரு பிசகும் இல்லாமல் செய்திருக்கிறது. பிழை என்று ஒன்று இருந்தால் திருத்திவிட்டுத் தூங்கலாம். இது என் வாக்கியம்.

அன்றே எல்லா எஸ்டேட்டிலும் சேமித்த தேடலை நிறுத்தினோம். நிறுத்துவதற்கு முன் மற்றவர்கள் சேமித்திருந்ததைத் திறந்து பார்த்தேன். ஒன்பது இருந்தன. ஏழில் காலண்டர் தேதி அப்படியே உறைந்துபோயிருந்தது. ஒன்றின் பெயர் 'பயமில்லாத பிளாக்'. மஞ்சக்குட்டைப் பக்கத்து எஸ்டேட்டில் ஒருவர் வைத்த பெயர். அதைப் படித்தபின் அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை. ஒன்பது பேருக்கும் நானே போன் செய்தேன். மூன்று பேர், "பரவால்லைங்க, நாங்க அத நம்பறதில்லைங்க" என்றார்கள். அப்படி ஒரு நிம்மதி எனக்கு வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

இப்போது காகிதத்தில் மட்டும் வரைகிறேன். மருந்துத் தேதியைச் சேமிக்கவே விடப்போவதில்லை. அது எந்தத் தேடலிலும் இன்றிலிருந்து பின்னால் பத்து நாளாகத் தானாக நிற்கும், யாராலும் அணைக்க முடியாது. மற்ற தேதிகளுக்குச் சேமிக்கும்போதே ஒரு கேள்வி: இந்தத் தேதி இங்கேயே நிற்கட்டுமா, நாளோடு சேர்ந்து நகரட்டுமா? பட்டியலுக்கு மேலே, அது எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை பார்த்தது என்று பெரிய எழுத்தில் ஒரு வரி. இவை சரி என்று எனக்குத் தோன்றுகிறது. போன தடவையும் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

அதனால் ஒரு வரி புரோகிராம் எழுதுவதற்கு முன்னால், வெள்ளக்கடை அக்கா வேலைக்குத் திரும்பும் வெள்ளிக்கிழமை காலை மூன்று தாள்களோடு போகிறேன். மூன்றும் ஒரே தேடல்: சேமித்த அன்று, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து. ரைட்டரம்மாவுக்கு மட்டுமில்லை, ஜீப்பில் ஏறப்போகும் பதினோரு பேருக்கும் காட்டி, ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்பேன்: இதைப் பார்த்தால் எந்த பிளாக்குக்குள் இறங்குவீங்க? ஒருவர் தப்பான பிளாக்கைத் தொட்டாலும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு வரைவேன்.