சீனி போடாத காபிக்கு ஒரு கூட்டு உயில்

பத்திர எழுத்து வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்வது இது: உயில் எழுத வந்தவர்களிடம் ‘சாவு’ என்ற சொல்லை எடுக்கவே கூடாது. ‘காலத்துக்குப் பின்’ என்றுதான் சொல்ல வேண்டும். அதுவும் சில பேரிடம் செல்லாது என்று எனக்குக் காட்டியவர் பேச்சியம்மாள்.

அவரும் கணவர் குருசாமியும் டி. கல்லுப்பட்டிப் பக்கம் விவசாயம் பார்த்தவர்கள். பழங்காநத்தத்தில் வாங்கிய வீடு இருவர் பேரிலும் இருந்தது. பெரிய மகன் அதை விற்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தான். அப்பாவுக்குப் பிறகு அம்மா மகன்கள் வீட்டில் மாறி மாறி இருக்கட்டும் என்பது அவன் திட்டம். தான் போனதும் மனைவி பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைவாளே என்று குருசாமிக்குப் பயம்.

அவர் சொன்னபடி டைப் அடித்து வாசித்தேன். “எனது காலத்துக்குப் பின் என் மனைவி பேச்சியம்மாள் தன் ஆயுள்வரை மேற்படி வீட்டில்…”

“நிறுத்து தாயி!” பேச்சியம்மாள் மேஜையைத் தட்டினார். “அழிச்சு விடு அந்த வரிய. நான் பூவும் பொட்டுமாத்தான் போவேன். திருப்பரங்குன்றத்துல வேண்டியிருக்கேன்.”

“அடியே, பேச்சுக்கு எழுதுறதுடி,” என்றார் குருசாமி.

“பேச்சுக்குக்கூட எழுதப்புடாது. நாந்தான் முந்தி.”

“நீ முந்திப் போனா எனக்குச் சோறு?”

“மருமக போடுவா.”

“அவ போட்ட காபிய நீ ஒரு நாளாவது முழுசாக் குடிச்சிருக்கியா?”

சாட்சிக் கையெழுத்துக்கு வந்திருந்த டீக்கடைக்காரர் நெளிந்தார். “யாரு முந்தின்னு சட்டுப்புட்டுன்னு முடிவு பண்ணுங்கண்ணே. அடுப்புல பாலு கெடக்கு.”

எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. மொத்தத்தையும் அழித்துவிட்டு, இருவரும் சேர்ந்து எழுதும் கூட்டு உயிலாக மாற்றினேன். ‘எங்கள் இருவரில் மிச்சம் இருப்பவர் தன் ஆயுள்வரை மேற்படி வீட்டில் இருந்துகொள்ள வேண்டியது. அதுவரை மகன்களுக்கு விற்கப் பாத்தியமில்லை.’

“மிச்சம் இருக்கறது இவுகதான?” என்றார் பேச்சியம்மாள்.

“யாரா இருந்தாலும்மா.”

“இவுகதான். தனியாக் கெடப்பாக, பாவம். கீழ இன்னொரு வரி போடு தாயி. காலையில ஆறு மணிக்கு மகனுங்க காபி குடுக்கணும். சீனி போடாம, இவுகளுக்கு ஆகாது.”

“காபியெல்லாம் உயில்ல எழுத மாட்டாங்கம்மா.”

“பெறகு என்னத்த பத்திரம் எழுதுற நீ?”

எழுதினேன். சார்பதிவாளர் அந்த வரியைப் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். சீல் வைத்தார்.

சில வருடங்களில் குருசாமி முந்திக்கொண்டார். காரியம் முடிந்த கையோடு பெரியவன் புரோக்கரைக் கூட்டி வந்தான். உயிலைப் பார்த்ததும் புரோக்கர் வந்த வழியே வண்டியைத் திருப்பிவிட்டார்.

மறுவாரம் பேச்சியம்மாள் என் ஆபீஸுக்கு வந்தார். “ஏமாத்திட்டாக தாயி. வேண்டுனது நானு, போனது அவுக.” சொல்லிவிட்டு உடைந்து அழுதார். எனக்கும் தாங்கவில்லை, நானும் அழுதேன்.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “மிச்சம் இருக்கறது இப்ப நாந்தான? அந்த ஆறு மணிக் காபி எனக்கு உண்டுல்ல?”

“உண்டும்மா.”

“அப்பப் பெரியவனுக்கு ஒரு போனப் போடு. எனக்குச் சீனி உண்டுன்னு சொல்லு.”

போட்டேன். இப்போது யாராவது தம்பதியாக உயில் எழுத வந்தால், நான் முதலில் சொத்து விவரம் கேட்பதில்லை. காபிக்குச் சீனி யாருக்கு எவ்வளவு என்று கேட்கிறேன்.