பின்னால் திரும்பாத டிரைவர்

முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனுஷன் நடக்கிற அழகை நீங்கள் பார்க்க வேண்டுமே! முதுகு நிமிர்ந்திருக்கும், பார்வை நேரே முன்னால் இருக்கும், வளைவு வந்தால் கை தானாக வெளியே நீளும். பின்னால் என்ன நடக்கிறது என்பது அவர் கவலை இல்லை. அதற்குத்தான் கண்டக்டர் இருக்கிறானே!

நம்ம டிரைவரின் பஸ் தினமும் அந்தப் பழைய பூங்காவைச் சுற்றித்தான் போகும். யாரோ ஒரு ராஜா தன் ராணிக்காகக் கட்டியதாம், இருநூறு வருஷம் ஆகிறதாம். டிரைவருக்குத் தெரிந்ததெல்லாம் அதன் மதில் சுவரும், குறுக்கே ஓடும் நாய்களும்தான். ஓய்வு பெற்று, மனைவிக்கு மூட்டு ஆபரேஷன் ஆன பிறகுதான் உள்ளே கால் வைக்கும் பாக்கியம் வாய்த்தது.

நடக்காவிட்டால் மூட்டு இறுகிப்போகும் என்று டாக்டர் தலைபாடாய் அடித்துக்கொண்டார். அந்த அம்மாவுக்கோ விழுந்துவிடுவோமோ என்று பயம். கட்டிலை விட்டு இறங்கினால்தானே!

"நான் பக்கத்துலயே வரேன். உன்ன விட்டுட்டுப் போக மாட்டேன், சத்தியம்" என்றார் டிரைவர்.

"உங்க சத்தியத்த நம்பி வரேன். கடவுள்தான் காப்பாத்தணும்" என்று அம்மா கிளம்பினார்.

கையைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்துதான் போனார்கள். நீர் வற்றிய நீரூற்று, மூக்கு உடைந்த குதிரைவீரன் சிலை, கிளைகள் தரையைத் தொடும் கிழட்டு மரம்.

"இத்தனையும் உள்ள இருக்க, வருஷக்கணக்கா சுவத்தையா பாத்துட்டு இருந்தீங்க?" என்று அம்மா கேலி செய்தார். பிறகு செருப்பு வாரைச் சரிசெய்ய, சிலையோரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். டிரைவர் இரண்டடி முன்னால் நின்றார்.

அந்த நேரம் பார்த்து, புல்லில் ஏறிய பிள்ளைகளை விரட்டக் காவலாளி விசில் அடித்தார். ஒன்றல்ல, இரண்டு. கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தால், எல்லாரும் ஏறியாச்சு, வண்டியை எடு என்று அர்த்தம். டிரைவர் எடுத்துவிட்டார்!

சும்மாவும் போகவில்லை. பாதையைப் பார்த்துக்கொண்டு போனால்தான் அவருக்கு மனசு திறக்கும்.

"நீ ஆஸ்பத்திரியில இருந்தப்ப, வீட்ல தனியா எனக்குப் பயமா இருந்துச்சு. சோறு இறங்கல. நீ இல்லன்னா நான் ஒண்ணுமே இல்ல, தெரியுமா?"

பின்னால் யாரோ செருமினார்கள். திரும்பினால், குடை பிடித்த குண்டு மனிதர் ஒருவர் நெளிந்துகொண்டு நின்றார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார். எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."

ஐயோ! டிரைவர் வந்த வழியே ஓடினார். பெஞ்ச் காலி. எங்கே விழுந்து கிடக்கிறாளோ என்று புதர் புதராகக் குனிந்து பார்த்தார். கிழட்டு மரத்தைச் சுற்றி மறுபக்கப் பாதைக்கு வந்தால், எதிரே அம்மா! யார் கையையும் பிடிக்காமல், மூச்சிரைக்க, விறுவிறுவென்று வந்துகொண்டிருந்தார். திட்ட வேண்டியதை யோசித்த மும்முரத்தில் பயப்பட நேரம் கிடைக்கவில்லை போலும்.

"மனுஷனா நீங்க? ஆபரேஷன் ஆன பொண்டாட்டிய இப்படியா அம்போன்னு விட்டுட்டுப் போவாங்க?"

"உன்கிட்ட பேசிட்டேதான் போனேன்..."

"என்ன பேசினீங்க?"

"ஒண்ணுமில்ல."

பின்னாலேயே வந்த குடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "நல்லாத்தானே சொன்னீங்க? அம்மாகிட்டயும் சொல்லுங்க சார்" என்று சொல்லிவிட்டு நழுவினார்.

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க" என்றார் அம்மா.

டிரைவருக்குக் காது வரை சிவந்துவிட்டது. ஆனாலும் சொன்னார், ஒரு வார்த்தை விடாமல். அம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு செருப்பு வாரை இறுக்கினார்.

"கால் வலிக்குதா? வீட்டுக்குப் போயிடலாமா?"

"வலிக்குது. இன்னொரு சுத்து போயிட்டுப் போலாம்."